கொடுத்த தேர் போகும் வழி

பழைய ஜப்பானிய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைத் தொண்டு நிறுவனத்துக்குக் கொடுத்துவிட நினைக்கும் அமெரிக்கருக்கு வேலை அதிகமில்லை. தொலைபேசியில் சொன்னால் போதும், இழுவை வண்டி வாசலுக்கே வந்துவிடும். சாவியையும் உரிமைப் பத்திரத்தையும் கொடுத்துவிட்டால் கராஜ் காலி. பிறகொரு நாள் தபாலில் ரசீது வரும். வரிக்கணக்கு கட்டும்போது அதை உடன் வைத்துவிட்டால் எல்லாம் முடிந்தது.

இவ்வளவு சுலபமாக முடிந்துவிடுவதுதான் எனக்கு உறுத்தலாக இருக்கிறது. நாற்பது, ஐம்பது ஆண்டுகள் ஒரு மனிதர் மழை படாமலும் துரு ஏறாமலும் காத்துவந்த பொருள் அது. கையைவிட்டுப் போன நொடியிலேயே கொடை முடிந்துவிடுகிறதா, போய்ச் சேரும் இடம்வரை கொடுத்தவருக்குப் பொறுப்பு இருக்கிறதா? இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். ஏன் என்று சொல்ல, முதலில் காரைப் பற்றிப் பேச வேண்டும்.

1969 அக்டோபரில் நிஸான் நிறுவனம் ஃபேர்லேடி இசட் என்ற காரை ஜப்பானில் அறிமுகம் செய்தது. யோஷிஹிகோ மட்சுவோவின் குழு வடிவமைத்த கார். நீண்ட மூக்கு, சரிந்து இறங்கும் பின்புறம், இரண்டே இருக்கைகள். அமெரிக்காவில் நிஸானின் பொறுப்பாளராக இருந்தவர் யுடாகா கடயாமா. 1960இல் கலிபோர்னியாவுக்கு வந்தவர், அந்த மக்கள் காரிடம் என்ன எதிர்பார்க்கிறார்கள் என்பதைச் சாலையிலேயே நின்று கற்றவர். ஃபேர்லேடி என்ற பெயர் அங்கே எடுபடாது என்று அவர் கண்டார். பெயர்ப்பட்டைகளைக் கழற்றிவிட்டு 240இசட் என்று வைத்தார். 2.4 லிட்டர் கொள்ளளவு, நேர்வரிசையில் ஆறு சிலிண்டர்கள், டாட்சன் என்ற வணிகப்பெயர். விலை 3,526 டாலர்.

காரின் முழு வரலாறும் அந்த விலைக்குள் இருக்கிறது. ஜாகுவார் இ-டைப், போர்ஷே 911 போன்ற ஐரோப்பிய கார்களைக் கடைக் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு நகர்ந்துபோனவர்களுக்கு, மாதச் சம்பளத்தில் தவணை கட்டி வாங்கக்கூடிய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று கிடைத்தது. வாங்கியவர்கள் அதைப் பூட்டி வைக்கவில்லை. வேலைக்கு ஓட்டினார்கள், பனியில் ஓட்டினார்கள். பனியை உருக்கச் சாலையில் கொட்டிய உப்பு காரின் அடித்தகட்டைத் தின்றது. பாட்டரி உட்காரும் தட்டு, கால் வைக்கும் தரைத்தகடு, பின்சக்கரத்துக்கு முன்னால் உள்ள மூலை என்று இந்தக் காரில் துரு எங்கே தொடங்கும் என்பது அதை வைத்திருந்தவர்களுக்கெல்லாம் மனப்பாடம். முதல் தலைமுறை இசட் கார்கள் உலகம் முழுவதிலும் ஐந்து லட்சத்துக்கு மேல் விற்றன. அத்தனை விற்றும் இன்று துருவில்லாத ஒன்றைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. 2020 ஜனவரியில் 1971ஆம் ஆண்டு 240இசட் ஒன்று இணைய ஏலத்தில் 3,10,000 டாலருக்குப் போனது. அது விதிவிலக்கான கார், விதிவிலக்கான விலை. மற்றவை அதற்கு வெகு கீழே நிற்கின்றன. ஆனால் சாமானியர் வாங்கிய கார் அரும்பொருளாகிவிட்டதை எல்லோருக்கும் அறிவித்த நாள் அது.

அரும்பொருளானது எப்படி? தொழிற்சாலையில் உருவானபோது அதற்கு அந்தத் தகுதி இல்லை. ஆயிரக்கணக்கில் வெளிவந்த ஒரே மாதிரியான கார்களில் ஒன்றாகத்தான் அது இருந்தது. பிறகு யாரோ ஒருவர் குளிர்காலத்தில் அதை வெளியே எடுக்காமல் இருந்தார். ஆயில் மாற்றிய பில்களைக் கோப்பில் போட்டு வைத்தார். இளமை வேகத்தில் மூன்று வெபர் கார்புரேட்டர்களைப் பொருத்தினாலும், கழற்றிய பழைய ஜோடியைத் தூக்கி எறியாமல் அட்டைப் பெட்டியில் கட்டிப் பரணில் வைத்தார். எஞ்சின் அறைக்குள் பதித்த தகட்டில் உள்ள எண்ணும் எஞ்சினின் உடலில் பொறித்த எண்ணும் இன்றைக்கும் ஒத்துப்போகின்றன என்றால், பழுதான காலத்தில் வேறு எஞ்சினை மாட்டாமல் இதையே செப்பனிட ஒருவர் பொறுமையாக இருந்தார் என்று பொருள். ஏலத்தில் அந்த எண்ணுக்கு விலை உண்டு, அந்தக் கோப்புக்கு விலை உண்டு, அந்த அட்டைப் பெட்டிக்கும் விலை உண்டு. இரும்பும் ரப்பரும் எல்லா 240இசட்டிலும் இருந்தவைதாம். இந்த ஒன்றுக்குக் கூடுதலாகக் கிடைக்கும் ஒவ்வொரு டாலரும் அவர் அதைப் பார்த்துக்கொண்ட ஆண்டுகளுக்கான தொகை.

ஆகவே இத்தகைய காரைக் கொடுப்பவர் தம் வாழ்நாளின் கவனத்தில் ஒரு பகுதியைக் கொடுக்கிறார். மனிதருடைய கவனம் இன்னொரு மனிதருக்குச் சோறாகவோ மருந்தாகவோ மாறுவது அபூர்வம். இங்கே அது நடக்கக்கூடும். 'கூடும்' என்று நிறுத்திக்கொள்கிறேன். தானாக அது நடந்துவிடாது.

அமெரிக்காவில் ஜப்பானிய ஸ்போர்ட்ஸ் கார் அறக்கொடையாக மாறிய பிரபலமான இரண்டு நிகழ்ச்சிகள் அரிசோனா மாநிலத்தின் ஸ்காட்ஸ்டேல் நகரில், பாரட்-ஜாக்சன் ஏலத்தில் நடந்தன. 2016 ஜனவரியில் புதிய தலைமுறை அக்யூரா என்எஸ்எக்ஸின் முதல் எண் கார் ஏலத்துக்கு வந்தது. 1990இல் வந்த பழைய என்எஸ்எக்ஸ், உடற்கூடு முழுவதும் அலுமினியத்தால் ஆன, பெருமளவில் உற்பத்தியான முதல் கார். அது உருவாகிக்கொண்டிருந்தபோது அயர்டன் சென்னா சுசுகா தடத்தில் ஓட்டிப் பார்த்துக் குறை சொல்ல, ஹோண்டாவின் பொறியாளர்கள் உடற்கூட்டை மேலும் இறுக்கமாக்கினார்கள் என்பது கார்ப் பிரியர்களிடையே இன்றும் உலவும் கதை. அந்தப் பெயரின் பெருமையெல்லாம் சேர்ந்து முதல் எண் கார் 12 லட்சம் டாலருக்குப் போனது. கார்பந்தய அணி உரிமையாளர் ரிக் ஹெண்ட்ரிக் வாங்கினார். தொகை, மூளைக்கட்டியால் அவதிப்படும் குழந்தைகளுக்கான அறக்கட்டளைக்கும் சிறுவர் முகாம் நடத்தும் ஓர் அமைப்புக்கும் போய்ச் சேர்ந்தது. மூன்று ஆண்டுகள் கழித்து, 2019 ஜனவரியில், அதே மேடையில் புதிய டொயோட்டா சுப்ராவின் முதல் கார் 21 லட்சம் டாலர் ஈட்டியது. அது அமெரிக்க இதயச் சங்கத்துக்கும், போரிலிருந்து திரும்பிய வீரர்களுக்காகப் பாடுபடும் பாப் உட்ரஃப் அறக்கட்டளைக்கும் போனது.

பெரிய தொகைகள், நல்ல காரியங்கள். ஆனாலும் அந்தக் கார்களை அதுவரை யாரும் நேசித்திருக்கவில்லை. அவற்றை யாரும் கழுவியதில்லை, அவற்றில் யாரும் மணமகளை அழைத்துக்கொண்டு போனதில்லை. நிறுவனம் கொடுத்தது முதல் எண் என்ற பெருமையை. அதை விலையாக மாற்றத் தேவையான எல்லாமே அங்கே ஏற்பாடாகி இருந்தன: விளக்கு, மேடை, தொலைக்காட்சி, பணத்தோடு வந்து உட்கார்ந்திருக்கும் கூட்டம். இந்த ஏற்பாடுதான் நாம் பாடம் படிக்க வேண்டிய இடம். காரின் மதிப்பை அறிந்தவர்கள் கூடும் இடத்துக்குக் கார் வந்தது. அதனால்தான் கொடை முழுசாகப் போய்ச் சேர்ந்தது.

தனிமனிதர் கொடுக்கும் கார் பெரும்பாலும் அங்கே போவதில்லை. தொண்டு நிறுவனத்தின் சார்பாகக் கார்களைத் திரட்டி விற்றுக்கொடுக்க இடைநிலை நிறுவனங்கள் உள்ளன. இழுவைக் கூலி, விளம்பரச் செலவு, அவர்களுடைய பங்கு எல்லாம் போக மிச்சம்தான் தொண்டுக்கு. அவர்கள் வழக்கமாக விற்கும் இடம் மொத்த வியாபாரிகளின் ஏலம். பழைய வேனும் மோதி நசுங்கிய செடானும் வரிசையில் நிற்க, ஒன்றுக்கு ஒரு நிமிடம்கூடக் கிடைக்காத இடம். அங்கே 240இசட் ஐம்பது வருடத்துப் பழைய வண்டி, அவ்வளவே. காயலான் கடைக் கணக்கில் விலை விழுந்தாலும் கேட்க ஆள் இல்லை.

அமெரிக்க நாடாளுமன்றத்தின் கணக்காய்வு அலுவலகம் 2003 நவம்பரில் வெளியிட்ட அறிக்கை இந்த வழியை நெடுக நடந்து பார்த்தது. 2000ஆம் ஆண்டில் ஏறத்தாழ 7,33,000 பேர் கார்க்கொடையைக் காட்டி வரி குறைத்துக்கொண்டார்கள். அரசுக்குக் குறைந்த வரி சுமார் 65.4 கோடி டாலர். எடுத்துக்காட்டாக 54 கார்களைப் பின்தொடர்ந்து பார்த்ததில், அவற்றில் மூன்றில் இரண்டு பங்கு கார்களிலிருந்து தொண்டு நிறுவனத்துக்குக் கிடைத்தது கொடுத்தவர் கணக்கில் எழுதிய மதிப்பில் ஐந்து விழுக்காடோ அதற்கும் குறைவோதான். கொடுத்தவர் விலைப்பட்டியல் புத்தகத்தைப் பார்த்து ஒரு தொகையை எழுதினார். பெற்றவருக்கு வந்தது வேறொரு தொகை. இரண்டுக்கும் நடுவில் இருந்த பள்ளத்தை யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

2004இல் சட்டம் மாறியது. 2005 முதல், 500 டாலருக்கு மேல் வரிக்கழிவு கோருபவர், தம் கார் உண்மையில் என்ன விலைக்கு விற்றதோ அந்தத் தொகையைத்தான் பொதுவாகக் கோர முடியும். அந்தத் தொகையை நிறுவனம் எழுத்தில் தர வேண்டும். பலருக்கு இது வரித்துறையின் இறுக்கம் என்றுதான் பட்டது. எனக்கு இதில் ஆழ்ந்த அறம் ஒன்று தெரிகிறது. உன் கொடையின் அளவை உன் பிரியம் தீர்மானிக்காது, புத்தகத்தில் அச்சான விலையும் தீர்மானிக்காது, விற்று வந்தது எவ்வளவோ அதுவே தீர்மானிக்கும் என்கிறது சட்டம். அதோடு, கொடுப்பவரின் நலனையும் பெறுபவரின் நலனையும் ஒரே முடிச்சில் போட்டுவிட்டது. கார் நல்ல விலைக்குப் போனால் இருவருக்கும் நல்லது, அடிமாட்டு விலைக்குப் போனால் இருவருக்கும் நட்டம். கொடுத்தவர் அக்கறையோடு பின்னால் போய்ப் பார்க்க வேண்டிய காரணத்தைச் சட்டமே உண்டாக்கிக் கொடுத்திருக்கிறது.

இந்த விதிக்குச் சில விலக்குகள் உண்டு. காரை விற்காமல் நிறுவனம் தன் பணிக்கே கணிசமாகப் பயன்படுத்தினால், அல்லது அதன் மதிப்பைப் பெரிதும் உயர்த்தும் பழுதுவேலை செய்தால், அல்லது ஏழை ஒருவருக்குப் போக்குவரத்துக்காக இலவசமாகவோ மிகக் குறைந்த விலைக்கோ தந்தால், கொடுத்தவர் காரின் முழுச் சந்தை மதிப்பைக் கோரலாம். வரித்துறை காட்டும் எடுத்துக்காட்டு, முடியாதவர்களுக்கு ஓர் ஆண்டு முழுக்கத் தினமும் உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் கார். பெயின்ட் அடிப்பதும் மெழுகு தேய்ப்பதும் சொட்டை எடுப்பதும் பெரிய பழுதுவேலையாகக் கணக்கில் வராது என்றும் சொல்கிறது.

இந்த வரிகளைப் படிக்கும்போது ஸ்போர்ட்ஸ் காரின் தனிமை எனக்குப் புரிகிறது. இரண்டு இருக்கைகளும் கொஞ்சம் பெட்டி வைக்க இடமும் உள்ள காரில் உணவுப் பொட்டலங்களை அடுக்க முடியாது. தூரத்து வேலைக்குப் போக வண்டி இல்லாத தாய்க்கு இதைக் கொடுத்தால், உதிரிபாகம் தேடி அலையும் கூடுதல் துன்பத்தைத்தான் கொடுத்தவர்களாவோம். தன் உருவத்திலேயே யாருக்கும் உதவ முடியாத பொருள் இது. அதன் பயன் முழுவதும் இன்னொருவரின் ஆசையில் இருக்கிறது. முன்பின் தெரியாத ஒருவர், இளமையில் கைகூடாத காரை இப்போதாவது அடைய வேண்டும் என்று கையைத் தூக்க வேண்டும். அந்த ஆசைதான் அங்கே பணமாகி, இன்னோர் இடத்தில் மருந்தாகிறது. ஆசையை நாம் பொதுவாக அறத்தின் எதிர்ப்பக்கத்தில் வைக்கிறோம். இங்கே ஒருவரின் துறவும் இன்னொருவரின் ஆசையும் சந்தித்தால்தான் மூன்றாமவருக்கு நன்மை. ஆசைப்படுபவர் கண்ணில் படாத இடத்தில் காரை விட்டுவிடுவது, துறந்ததையும் வீணாக்குவதுதான்.

ஒரு கேள்வி எழும். தானே விற்றுப் பணத்தைக் கொடுத்துவிடலாமே? கொடுக்கலாம். பல நேரங்களில் அதுவே சரியான வழியாகவும் இருக்கும். ஆனால் மனிதக் கையின் சுபாவம் நமக்குத் தெரியும். பணமாக வந்து விழுந்தது கையைவிட்டு இறங்குவது கடினம். கூரை ஒழுகுவது நினைவுக்கு வரும், பேரப்பிள்ளையின் கல்லூரிக் கட்டணம் நினைவுக்கு வரும். காராகவே போய்விட்டால் அந்தப் பேரம் மனதுக்குள் நடப்பதில்லை. வரிச்சலுகை கிடைப்பதால் இது கொடையே ஆகாது என்பவர்களுக்கும் ஒரு கணக்குச் சொல்லலாம். கார் 40,000 டாலருக்கு விற்கிறது, கொடுத்தவர் 24 விழுக்காடு வரி வரம்பில் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு மிச்சமாகும் வரி அதிகபட்சம் 9,600 டாலர். குறைந்தது 30,400 டாலர் அவர் விட்டுக்கொடுத்தது. சலுகைக்காக மட்டும் இதைச் செய்ய யாரும் முன்வர மாட்டார்கள். கொடுக்கும் மனம் முதலில் இருந்தாக வேண்டும்.

விற்காமலும் இப்படியொரு கார் பயன்படும் இடங்கள் சில உண்டு. கான்சாஸ் மாநிலத்தின் மெக்ஃபர்சன் கல்லூரியில் பழைய கார்களை மீட்டெடுக்கும் கலைக்கென்றே நான்காண்டுப் பட்டப்படிப்பு இருக்கிறது. 1976இல் கேன்ஸ் பில்யூ என்ற உள்ளூர்த் தொழிலதிபர் தம் பழைய கார்களைக் கல்லூரிக்குக் கொடுத்ததில்தான் அங்கே இந்தப் பயிற்சி தொடங்கியது. தகடு தட்டுவது, எஞ்சின் பிரிப்பது, இருக்கைக்கு உறை தைப்பது, வண்ணம் பூசுவது எல்லாம் அங்கே பாடங்கள். 2023இல் அந்த மாணவர்கள் மீட்டெடுத்த 1953ஆம் ஆண்டு மெர்சிடிஸ் 300 எஸ், உலகின் பெரும் செல்வந்தர்கள் கார் கொண்டுவந்து நிறுத்தும் பெபிள் பீச் போட்டியில் தன் பிரிவில் இரண்டாம் இடம் பெற்றது. ஒருவர் கொடுத்த கார்களிலிருந்து ஒரு கைத்தொழிலே தலைமுறைகளுக்குத் தழைத்திருக்கிறது.

நமக்குப் பாரியின் நினைவு வராமல் போகாது. பற்றிக்கொள்ளக் கொம்பில்லாமல் தவித்த முல்லைக்கு அவன் தன் தேரைக் கொடுத்தான் என்பதை வள்ளன்மையின் உச்சம் என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாம். அந்தக் கதையில் நான் இப்போது கவனிப்பது வேறொன்று. முல்லைக்குத் தேரின் வேகம் தேவையில்லை, நிற்கும் மரச்சட்டம்தான் தேவை. பாரி அதைக் கண்டான். தனக்குத் தேர் என்னவாக இருந்தது என்பதை ஒதுக்கிவிட்டு, கொடிக்கு அது என்னவாக முடியும் என்று பார்த்தான். மெக்ஃபர்சன் பட்டறையில் மூடி திறந்து, சக்கரம் கழற்றி நிற்கும் கார் அப்படி நிற்கும் தேர்தான். இருபது வயது மாணவி அதன் மேல் ஏறிப் படர்கிறாள். ஏலத்துக்குப் போகும் காருக்கும் பாரியின் இந்தப் பார்வை தேவை. பெறுபவருக்கு இது என்னவாக முடியும் என்று கேட்டுவிட்டு அதற்கேற்ற வழியில் அனுப்புவதே வள்ளன்மையின் மறுபாதி.

பிரிவின் வலி இதிலெல்லாம் தீர்ந்துவிடாது. தீர வேண்டியதும் இல்லை. அந்தக் கார் பிறந்த நாட்டில், டோக்கியோவின் சென்சோஜி கோயில் வளாகத்தில், ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரி 8 அன்று உடைந்த தையல் ஊசிகளுக்கு வழிபாடு நடக்கிறது. ஆண்டு முழுக்கக் கடினமான துணிகளைக் குத்தித் தேய்ந்த ஊசியை மெத்தென்ற தோஃபுக் கட்டியில் செருகி, நன்றி சொல்லி விடைகொடுக்கிறார்கள். பழைய பொம்மைகளுக்கும் இப்படிச் சடங்கு செய்யும் கோயில்கள் அங்கே உண்டு. உழைத்த பொருளுக்கு நன்றி சொல்லாமல் அதைவிட்டு நகரக் கூடாது என்ற உணர்வு அது. காரைக் கொடுப்பவரும் அப்படி ஒரு பொழுதை எடுத்துக்கொள்ளலாம். கடைசியாக ஒருமுறை ஓட்டலாம், படம் எடுக்கலாம், அழவும் செய்யலாம். ஆனால் நன்றியின் மிகச் சிறந்த வடிவம், அடுத்தவர் கைக்கு அது மதிப்போடு போய்ச் சேரும்படி பார்த்துக்கொள்வதுதான்.

அதற்குச் செய்ய வேண்டியவை எளிமையானவை. யாருக்குக் கொடுக்கிறோம் என்று முடிவெடுக்கும் முன், எங்கே எப்படி விற்பீர்கள், இடையில் யாருக்கு எத்தனை பங்கு என்று கேட்க வேண்டும். நல்ல நிறுவனம் இந்தக் கேள்விக்கு முகம் சுளிக்காது. அரும்பொருள் கார்களை அறிந்தவர்கள் கூடும் ஏலத்தில் விற்க ஒப்புக்கொள்கிறார்களா என்று பார்க்க வேண்டும். உரிமைப் பத்திரத்தோடு பில் கோப்பையும் பரணில் உள்ள அட்டைப் பெட்டியையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். எந்த ஆண்டு வண்ணம் பூசியது, எந்த மூலையில் துருவை வெட்டி எடுத்துத் தகடு வைத்தது, எது ஒரிஜினல், எது மாற்றியது என்று குறைகளோடு சேர்த்து உண்மையாக எழுதி வைக்க வேண்டும்.

முக்கியமாக, காலத்தில் செய்ய வேண்டும். யுடாகா கடயாமா 105 வயதுவரை வாழ்ந்து 2015இல் மறைந்தார். அவர் இறக்கிய கார்களை இளைஞர்களாக வாங்கியவர்கள் இன்று எழுபதுகளையும் எண்பதுகளையும் தாண்டிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் போன பிறகு, பரணில் உள்ள பெட்டி எதற்கென்று தெரியாத பிள்ளைகள் வீட்டைக் காலி செய்யும் அவசரத்தில் தொலைபேசியை எடுப்பார்கள். இழுவை வண்டி அவர்களுக்கும் வரும். கார் போகும், ஆனால் அந்த ஐம்பது ஆண்டுக் கவனம் போய்ச் சேராது. அதை எடுத்துச் சொல்லத் தெரிந்தவர் ஒருவர்தான் இருந்தார். அவர் இருக்கும்போதே, நினைவு தெளிவாக இருக்கும்போதே, தாமே பேசித் தாமே கொடுத்துவிட்டால், அவர் காத்துவந்ததன் முழு மதிப்பும் அவர் கண்ணெதிரே ஒரு குழந்தையின் சிகிச்சைக்கோ ஒரு மாணவியின் கைத்தொழிலுக்கோ போய்ச் சேரும். அவ்வளவு நாள் காத்தவர்கள் இந்தக் கடைசி வேலையையும் பிறரிடம் விட்டுவிடக் கூடாது.